ஒன்றாம் இதழ் என்று போட்டிருக்கும், நம்பிவிடாதீர்கள்

பேட்மேன் படிக்க வேண்டும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் உடனே இரண்டு விதமான ஆலோசனை வந்து விழும். ஒரு கோஷ்டி 1939-இல் வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில் தொடங்கி மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு பட்டியலை நீட்டும். இன்னொரு கோஷ்டி, "அதெல்லாம் எதற்கு, 2011-இல்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்களே, அந்த முதல் இதழை எடுங்கள், போதும்" என்று சொல்லும். முதல் பட்டியலைப் பார்த்தால் ஆசையே போய்விடும். இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை அப்படியே நம்பிப் புத்தகத்தைத் திறந்தவர்கள் கொஞ்ச தூரத்திலேயே திருதிருவென முழிப்பார்கள், ஏனென்றால் ஒன்றாம் எண் போட்ட அந்த இதழிலேயே பேட்மேனுக்கு மூன்று சிஷ்யர்கள் இருப்பார்கள், அதில் ஒருவன் அவருடைய சொந்த மகன்.

இது எப்படி நடந்தது, இதைத் தாண்டி எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பேட்மேனை வெளியிடும் டிசி காமிக்ஸின் 2011 ரீபூட்டை, அதாவது 'நியூ 52' என்று எல்லோரும் சொல்வதை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்ற ரீபூட்டுகள் பெரிய விஷயமே இல்லை.

முதலில் அடிப்படை. அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பெரும்பாலும் மாதம் ஓர் இதழாக, இருபது சொச்சம் பக்கத்தில் வரும். ஆறேழு இதழ் சேர்ந்ததும் அதை ஒரு தொகுப்பாகப் போடுவார்கள், நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் அந்தத் தொகுப்பைத்தான். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், ஃப்ளாஷ் எல்லோரும் ஒரே உலகத்தில் வாழ்கிறார்கள் என்பது கணக்கு. அதனால் ஒருவர் கதையில் நடப்பது இன்னொருவர் கதையிலும் செல்லுபடியாக வேண்டும். இதைத்தான் கன்டின்யூட்டி என்கிறார்கள். சூப்பர்மேன் 1938-இல் வந்தவர். அன்றிலிருந்து எத்தனையோ எழுத்தாளர்கள், மாதத்துக்குப் பல இதழ்கள், எல்லாம் ஒரே ஆளின் வாழ்க்கையில் நடந்ததாகச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆள் இன்னும் முப்பத்தைந்து வயதில் எப்படி இருக்க முடியும்? ஒரு கட்டத்தில் கணக்கு உதைக்கும். அப்போதுதான் ரீபூட் வருகிறது.

இதில் மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதிதாக ஒன்றாம் எண் போட்டு, புது எழுத்தாளரை வைத்து, ஆனால் பழைய கதையைத் தொடாமல் தொடர்ந்தால் அது ரீலாஞ்ச். பழைய கதையில் ஏதாவது ஒன்றை மட்டும் "அது உண்மையில் இப்படித்தான் நடந்தது" என்று பின்னால் மாற்றினால் ரெட்கான். மொத்த உலகத்தின் வரலாற்றையும் அழித்து மறுபடி தொடங்கினால் ரீபூட். விளம்பரத்தில் மூன்றையும் ஒரே மாதிரிதான் கொட்டி முழக்குவார்கள். ஒன்றாம் எண் போட்ட இதழ் அதிகம் விற்கும், கடைக்காரரும் கூடுதலாக வாங்கி வைப்பார், சேகரிப்பவர்களும் விடமாட்டார்கள். அதனால் அந்த எண்ணைப் போட பதிப்பாளருக்குக் கதைக்கு வெளியேயும் காரணம் இருக்கிறது. பேட்மேன் என்ற பெயரிலேயே 1940-இல் ஒரு முதல் இதழ், 2011-இல் ஒன்று, 2016-இல் ஒன்று, 2025-இல் ஒன்று. இவற்றில் மொத்த உலகமும் மறுபடி தொடங்கியது 2011-இல் மட்டும்தான், அதுவும் அரைகுறையாக.

டிசிக்கு இது முதல் தடவையும் இல்லை. 1940-இல் வந்த ஃப்ளாஷ் பெயர் ஜே கேரிக். 1956-இல் அதே பெயரில் பேரி ஆலன் என்ற வேறு ஆளைக் கொண்டுவந்தார்கள். அந்த பேரி சின்ன வயதில் ஜே கேரிக்கின் காமிக்ஸ் படித்தவர், அதைப் பார்த்துத்தான் தனக்கும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்! அப்புறம் 1961-இல் இருவரையும் சந்திக்க வைத்தார்கள். ஜே வேறொரு பூமியில் நிஜமாகவே வாழ்கிறார், நம் பூமியில் அவர் கதையை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸுக்கு அது கனவில் வந்திருக்கும் என்று விளக்கம். அந்த இதழை எழுதியதும் அதே கார்ட்னர் ஃபாக்ஸ்தான், குறும்புக்கார மனுஷன். அங்கே தொடங்கிய பல பூமி விவகாரம் பெருகிப் பெருகி, கடைசியில் 1985-86-இல் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற பன்னிரண்டு இதழ் தொடரில் எல்லாப் பூமிகளையும் ஒன்றாகச் சுருக்கினார்கள். சூப்பர்கர்ள் செத்தார், பேரி ஆலன் செத்தார். சூப்பர்மேன், வொண்டர் வுமன் கதைகள் புதிதாகத் தொடங்கின. நடுவில் 1994-இலும் 2005-இலும் இன்னும் இரண்டு ஒட்டுவேலை. அதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சரி, 2011-க்கு வருவோம். ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஆண்டி க்யூபர்ட் வரைந்த ஃப்ளாஷ்பாயின்ட் என்ற ஐந்து இதழ் கதை. அதற்குள் செத்துப் பிழைத்து வந்துவிட்ட அதே பேரி ஆலன், கொலையான தன் அம்மாவைக் காப்பாற்ற இறந்தகாலத்துக்கு ஓடுகிறார், அதனால் உலகமே கோணலாகிவிடுகிறது, அதைச் சரிசெய்யப் போய் வரலாறு வேறு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. 2011 ஆகஸ்ட் 31 அன்று அதன் கடைசி இதழும், புதிய உலகின் முதல் கதையான ஜஸ்டிஸ் லீக் ஒன்றாம் இதழும் ஒரே நாளில் வெளிவந்தன. செப்டம்பரில் மீதி ஐம்பத்தோரு தலைப்புகள், எல்லாவற்றிலும் எண் ஒன்று. 904 வரை வந்திருந்த ஆக்‌ஷன் காமிக்ஸும் 881 வரை வந்திருந்த டிடெக்டிவ் காமிக்ஸும்கூடத் தப்பவில்லை. கடைக்கு வரும் அதே நாளில் டிஜிட்டலிலும் கிடைக்கும் என்று வேறு அறிவித்தார்கள், அப்போது அது பெரிய விஷயம்.

ஜான்ஸ் எழுதி ஜிம் லீ வரைந்த அந்த ஜஸ்டிஸ் லீக் முதல் இதழ் புதியவர்களை வரவேற்கும் விதம் நன்றாகவே இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என்று கதை தொடங்குகிறது. காதம் நகரத்தில் பேட்மேனும் க்ரீன் லான்டர்னும் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். லான்டர்ன் ஏகப்பட்ட பந்தாவோடு வருகிறார். உனக்குப் பறக்கத் தெரியாதா, பலம் கிடையாதா, அப்போ நீ சும்மா வேஷம் போட்ட ஒரு மனுஷன்தானா என்று நக்கலடிக்கிறார். பேட்மேன் பேசிக்கொண்டே அவருக்குச் சக்தி தரும் மோதிரத்தையே விரலிலிருந்து உருவிவிடுகிறார், பார்ட்டிக்கு அது தெரியவேயில்லை. இருவரைப் பற்றியும் ஒன்றுமே தெரியாதவருக்குக்கூட ஒரு நிமிஷத்தில் இரண்டு பேரும் யார் என்று புரிந்துவிடும்.

குழப்பம் அடுத்த வாரத்திலிருந்து. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் சூப்பர்ஹீரோக்களே தோன்றினார்கள் என்றால், நிகழ்காலத்தில் பேட்மேனுக்கு ஐந்தாறு ஆண்டு அனுபவம்தான் இருக்க வேண்டும். ஆனால் டிக் கிரேசன் ராபினாக, அதாவது பேட்மேனின் சிஷ்யனாக இருந்து, வளர்ந்து நைட்விங் என்ற தனி ஹீரோ ஆகிவிட்டார். அடுத்து ஜேசன் டாட் ராபினாகி, செத்து, உயிரோடு திரும்பியும் வந்துவிட்டார். பிறகு டிம் டிரேக். பிறகு பேட்மேனின் பத்து வயது மகன் டேமியன். ஐந்து ஆண்டில் நாலு ராபின்! கையில் பேப்பர் பென்சில் வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்குத் தலை சுற்றியது. 2012 செப்டம்பரில் வந்த டீன் டைட்டன்ஸின் ஓர் இதழில், டிம் ராபினாக இருந்ததே இல்லை, நேராக ரெட் ராபின் ஆனவர் என்று திருத்தினார்கள். ஒரு ராபின் குறைந்தார், குழப்பம் குறையவில்லை.

ஏன் இப்படி? பேட்மேனிலும் க்ரீன் லான்டர்னிலும் கிராண்ட் மோரிசனும் ஜெஃப் ஜான்ஸும் பல ஆண்டுகளாகப் பெரிய கதைகளை நடத்திக்கொண்டிருந்தார்கள், அவை பாதி வழியில் இருந்தன, நன்றாகவும் விற்றன. அதைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே அவர்கள் இருவர் வரலாறும் கிட்டத்தட்ட அப்படியே தொடர்ந்தது. சூப்பர்மேனுக்கோ எல்லாம் போச்சு: 1996-இல் நடந்த லோயிஸ் லேனுடனான கல்யாணம் போச்சு, வெளியே போட்டிருந்த சிவப்பு ஜட்டிகூடப் போச்சு. வீட்டை இடித்துக் கட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டு, வாடகை வருகிற இரண்டு போர்ஷனை மட்டும் தொடாமல் விட்ட மாதிரி.

சூப்பர்மேன் தலைப்பிலும் ஒழுங்கு கிடையாது. மோரிசன் எழுதிய ஆக்‌ஷன் காமிக்ஸ் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நடக்கிறது, அதில் டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் போட்ட இளம் சூப்பர்மேன், ஊழல் பணக்காரர்களைத் தூக்கி மிரட்டுகிறார். அதே மாதம் ஜார்ஜ் பெரெஸ் எழுதிய சூப்பர்மேன் இதழ் நிகழ்காலத்தில் நடக்கிறது. கடந்தகாலத்தில் என்ன நடக்கப் போகிறது என்பது தனக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று பெரெஸ் பின்னால் வெளிப்படையாகவே பேசினார், ஆறு இதழோடு விலகியும் விட்டார். எழுதியவருக்கே தெரியாததை வாசகர் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? இதைத்தான் புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏதோ ஒன்று புரியவில்லை என்றால் நீங்கள் எதையோ படிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று பொருள் இல்லை. பல நேரம் அதற்கு விடையே அப்போது எழுதப்பட்டிருக்காது. அந்த ஐம்பத்திரண்டு முதல் இதழ்களிலும் எங்கோ ஒரு கட்டத்தில் முக்காடு போட்ட ஊதா நிறப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். யார் இவள், எந்தப் பழைய கதையில் வந்தாள் என்று தேட வேண்டாம். பண்டோரா என்ற புதுப் பாத்திரம் அது. பின்னால் அவளுக்கென்று தனித் தொடர் வந்தது, 2016-இல் ஆளையே முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? பாத்திரத்தைத் தொடராதீர்கள், எழுத்தாளரைத் தொடருங்கள். ஒரே எழுத்தாளர் ஒரே தலைப்பில் தொடர்ச்சியாக எழுதிய இதழ்களை ரன் என்பார்கள். அதுதான் உண்மையான அலகு. பேட்மேனுடைய வாழ்க்கைக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது, ஸ்காட் ஸ்னைடரும் க்ரெக் கபுல்லோவும் செய்த பேட்மேனுக்கு இரண்டும் உண்டு: 2011-இல் தொடங்கி 2016-இல் முடிகிறது. எண்பது ஆண்டு வரலாற்றைச் சமாளிக்க முடியாது, பத்துத் தொகுப்பைச் சமாளிக்கலாம்.

அந்த ரன்னின் முதல் கதை 'கோர்ட் ஆஃப் அவுல்ஸ்', காதமை மறைந்திருந்து ஆட்டிவைக்கும் ஆந்தை முகமூடிக் கூட்டத்தைப் பற்றியது. மேலே சொன்ன மூன்று சிஷ்யர் சிக்கலை ஸ்னைடர் சமாளித்த விதம் பார்க்கவேண்டியது. புரூஸ் வெயின், அதாவது முகமூடி போடாத பேட்மேன், ஒரு விருந்துக்கு வருகிறார், கண்ணில் முகத்தை அடையாளம் காணும் லென்ஸ் போட்டிருக்கிறார். அவர் யாரைப் பார்க்கிறாரோ அந்த ஆளின் பெயரும் விவரமும் பக்கத்தில் பெட்டியாகத் தோன்றுகிறது. கோட் சூட்டில் நிற்கும் டிக், டிம், டேமியன் மூவரும் யார் என்று அப்படியே நமக்கும் தெரிந்துவிடுகிறது. ராபின் கணக்கு எதற்கும் விளக்கம் இல்லை, ஆனால் கதைக்குத் தேவையான அளவு தெரிந்துவிட்டது, மேலே போகலாம். ஐந்தாவது இதழில் பேட்மேன் நிலத்தடியில் ஒரு புதிர்வழியில் மாட்டிப் புத்தி பேதலிக்கும்போது பக்கங்களே திரும்ப ஆரம்பிக்கும், புத்தகத்தைப் பக்கவாட்டில், அப்புறம் தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கும். போனில் படிக்கிறவர்கள் ஸ்கிரீன் சுழலுவதை லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வேடிக்கையே போய்விடும்.

வாங்கும்போது அட்டையில் இருக்கும் '1' என்பதைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே காப்பிரைட் பக்கத்தைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் இந்தத் தொகுப்பில் எந்தத் தலைப்பின் எந்த இதழ்கள் இருக்கின்றன, அவை எந்த ஆண்டு வந்தவை என்று போட்டிருக்கும். பேட்மேன் 1 முதல் 7 வரை, 2011, 2012 என்றால் அது ஸ்னைடரின் முதல் தொகுப்பு. 2016 என்று இருந்தால் அது அடுத்த சுற்று, டாம் கிங் எழுதியது. டிஜிட்டலில் வாங்கினாலும் தலைப்புக்குப் பக்கத்தில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைவிட ஆண்டுதான் துல்லியம்.

படித்துக்கொண்டே போகும்போது சில இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், கட்டத்தின் ஓரத்தில் "இதை இன்ன தலைப்பு இன்ன இதழில் பார்க்கவும்" என்ற குறிப்பும் வரும். அது கட்டளை கிடையாது, விளம்பரம். 2012-இல் அந்த ஆந்தைக் கூட்டம் காதம் முழுவதும் தாக்கும் கட்டம் நைட்விங், பேட்கர்ள் என்று பேட்மேன் குடும்பத்துத் தலைப்புகளுக்கெல்லாம் பரவியது. எல்லாவற்றையும் தேடி வாங்கத் தேவையே இல்லை, ஸ்னைடரின் தொகுப்பு மட்டும் படித்தாலே கதை முழுதாகப் புரியும். இந்த மாதிரிப் பல தலைப்புகளில் ஓடும் பெருங்கதைகளை ஈவென்ட் என்பார்கள், புதியவர்கள் முதல் ஆண்டு இந்தப் பக்கமே போகாமல் இருப்பது பர்ஸுக்கும் நல்லது.

உண்மையில் நியூ 52-இல் நிலைத்து நின்றவை, மற்ற தலைப்புகளோடு ஒட்டாமல் தன்பாட்டுக்குப் போனவைதான். பிரையன் அஸரெல்லோ எழுதி க்ளிஃப் சியாங் பெரும்பகுதி வரைந்த வொண்டர் வுமன் 35 இதழ். கிரேக்கக் கடவுள்கள் ஒரு சொத்துத் தகராறு குடும்பம் மாதிரி அடித்துக்கொள்கிறார்கள், நடுவில் டயானா, அதாவது வொண்டர் வுமன். அதில் சூப்பர்மேன் எங்கே, ஜஸ்டிஸ் லீக் எங்கே என்ற பேச்சே இல்லை. டயானாவின் தந்தை ஸீயஸ் என்று அதில் மாற்றியதைப் பழைய வாசகர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை, அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது, ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு அந்தக் கோபம் தேவையில்லாத சுமை. ஜெஃப் லெமையரின் அனிமல் மேன் இன்னொன்று. கணவன், மனைவி, இரண்டு குழந்தை, மாமியார் என்று சாதாரணமாகத் தொடங்கி வெகு சீக்கிரம் குலைநடுங்கும் பேய்க்கதையாக மாறும். நடுவில் ஸ்வாம்ப் திங் கதையோடு கலக்கும், அங்கே மட்டும் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான் மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு.

இதெல்லாம் இப்போது செல்லுமா, பின்னால் மறுபடி மாற்றிவிட்டார்களே என்று கேட்பீர்கள். மாற்றினார்கள்தான். 2016-இல் ரீபர்த் என்று வந்து, அழித்ததில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆக்‌ஷன் காமிக்ஸ் 957 என்று பழைய எண்ணுக்கே திரும்பியது, அதாவது நியூ 52-இன் 52 இதழ்களையும் 904-உடன் கூட்டிக்கொண்டார்கள். பழைய சூப்பர்மேன், லோயிஸ், அவர்கள் மகன் ஜான் எல்லோரும் வந்துவிட்டார்கள். 2018-இல் ஆயிரமாவது இதழில் அந்த ஜட்டியும் வந்துவிட்டது. பிறகு 2021 வாக்கில், எல்லாக் காலத்துக் கதைகளும் நடந்தவைதான் என்ற அளவுக்குப் போய்விட்டார்கள். எது செல்லும் என்ற பஞ்சாயத்துக்கு முடிவே கிடையாது. அது நடக்கும் பக்கம் ரசிகர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும், கோர்ட் ஆஃப் அவுல்ஸ் நல்ல கதையா இல்லையா என்பது அதனால் மாறப்போவதில்லை.

உண்மையாகவே சுத்தமான தொடக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. முக்கிய உலகத்தைத் தொடாமல், பக்கத்தில் தனியாக ஒரு பூமி போட்டு அங்கே புதிதாக ஆரம்பிப்பது. மார்வெல் 2000-இல் அல்டிமேட் ஸ்பைடர்மேனில் இதைச் செய்தது. டிசி 2024 அக்டோபரில் அப்சல்யூட் என்ற வரிசையைத் தொடங்கியது. ஸ்னைடரும் நிக் ட்ரகோட்டாவும் செய்யும் அப்சல்யூட் பேட்மேனில் புரூஸுக்கு மாளிகையும் கிடையாது, கோடிகளும் கிடையாது. அவர் ஒரு பொறியாளர், அம்மா உயிரோடு இருக்கிறார். கெல்லி தாம்சனும் ஹேடன் ஷெர்மனும் செய்யும் அப்சல்யூட் வொண்டர் வுமனில் டயானா நரகத்தில் வளர்ந்தவர். பழைய கதை ஒன்றுகூடத் தெரியாமல் படிக்கலாம், தெரிந்தால் எதை எப்படித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பது கூடுதலாக ரசிக்கும். என்னைக் கேட்டால் இப்போதைக்கு இந்த இரண்டில் ஒன்றையும் கோர்ட் ஆஃப் அவுல்ஸையும் எடுத்துக்கொண்டாலே நல்ல தொடக்கம்.

2016-இல் வந்த ரீபர்த் சிறப்பிதழை மட்டும் முதலில் எடுத்துவிடாதீர்கள். எண்பது பக்கம், விலை குறைவு, அட்டையில் புதிய தொடக்கம் என்ற தொனி, எல்லாம் இழுக்கும். ஆனால் அதன் மொத்தக் கதையும், ஐந்து ஆண்டாகக் காணாமல் போயிருந்த இன்னொரு ஃப்ளாஷான வாலி வெஸ்ட் ஒவ்வொருவர் முன்னாலும் தோன்றித் தன்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பதுதான். வாலி யாரென்றே தெரியாதவருக்கு அது ஒட்டாது. பத்துப் பன்னிரண்டு தொகுப்பு படித்தபின் எடுங்கள்.